முதலில் பங்கு, பிறகு கெடு

மாதம் பிறந்து பத்துத் தேதி ஆகிவிட்டால் என் சித்தி வாசல் திண்ணைக்கு வந்துவிடுவாள். எதிரே அப்பளப் பலகை, கையில் குழவி, கண் மட்டும் தெருமுனையில். தபால்காரரின் சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால், அதற்குப் பிறகு இடுகிற அப்பளம் ஒன்றுகூட வட்டமாக வராது. நின்றால் மணியார்டர். 75 ரூபாய், அதிலும் கமிஷனைக் கழித்துக்கொண்டு.

மணியார்டர் படிவத்தின் அடியில் சேதி எழுத ஓர் இடம் இருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவார்கள். சித்திக்கு வந்தவற்றில் அந்த இடம் எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை, தீபாவளிக்கு மறு மாதம், 'போனஸ் வரவில்லை' என்று எழுதியிருந்தது. சித்தி போனஸ் கேட்டதே இல்லை.

அவளுக்கு 1969-இல் கல்யாணம். வயது 19. மாப்பிள்ளைக்கு மதுரையில் பஞ்சாலை வேலை. பிள்ளை இல்லை என்று 1977-இல் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறு வருடம் தாத்தா அவளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் மாதம் 75 ரூபாய் உத்தரவானது. 1983-இல் கணவர் விவாகரத்து வழக்குப் போட்டு, சித்திக்கு நோட்டீஸ் வந்து சேராமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கிக்கொண்டார். "அதான் தீர்த்தாச்சே, இனி எதுக்குப் பணம்" என்று ஐந்து மாதம் அனுப்பவில்லை. விவாகரத்து ஆனாலும், மறுமணம் செய்துகொள்ளாத வரை அந்தப் பிரிவின் கணக்கில் அவள் மனைவிதான் என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கமே எழுதி வைத்திருந்தது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தாத்தாவின் வக்கீல் ஒரு நோட்டீஸ் விட்டார். ஆறாம் மாதம் சைக்கிள் வாசலில் நின்றது.

நான் 1993-இல் கறுப்புக் கோட்டு போட்டேன். முதல் வருடமே, சீனியருக்குத் தெரிந்தும் தெரியாமலும், சித்திக்காகத் தொகையை உயர்த்திக் கேட்டு மனுப் போட்டேன். பதினைந்து வருடமாக அதே 75 ரூபாய். சித்தியின் கணவருடைய சம்பளம் அதற்குள் ஏழு மடங்காகியிருந்தது. நியாயமாக எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். சீனியர் சிரித்தார். "ஐந்நூறுக்கு மேல கேட்க முடியாதும்மா. சட்டம் அவ்வளவுதான்."

ஆமாம், ஒரு வரம்பு இருந்தது. 1973-இல் எழுதிய 500 ரூபாய். அது சட்டமான காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு பவுன் வாங்கி மிச்சமும் கையில் இருக்கும். நாடாளுமன்றம் அந்த வரம்பை எடுத்தது 2001-இல். அப்போது அதே பணத்துக்கு ஒரு கிராம் சொச்சம்தான் வரும். இடையில் கிட்டத்தட்ட இருபத்தேழு வருடம். எத்தனை அரசுகள் மாறின, எத்தனை ஊதியக்குழுக்கள் வந்து போயின. கைவிடப்பட்ட பெண்ணுக்கு எழுதிய அந்த எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம், இன்னொரு வரம்பைப் பற்றிய பேச்சு. தொகைக்கு அல்ல, காலத்துக்கு. விவாகரத்துக்குப் பிறகு ஜீவனாம்சம் இத்தனை வருடம்தான் என்று சட்டத்திலேயே கெடு எழுதிவிட வேண்டும் என்கிறார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது, என் அலுவலகத்துக்கு மகனை அழைத்துவரும் அம்மாக்களும் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் பெங்களூருவில் ஒரு இளம் பொறியாளர் தன் வழக்குகளைப் பற்றி நீண்ட குறிப்பு எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டபின் இந்தக் குரல் உரத்துவிட்டது. அந்த வேதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு சாவின் சூட்டில் சட்டம் எழுதக் கூடாது.

கெடு கேட்பவர்கள் எல்லாரும் பெண்ணுக்கு எதிரி என்றும் சொல்லமாட்டேன். போன ஆடியில் ஒரு பையன் வந்தான். கல்யாணமாகிப் பதினோரு மாதம், சேர்ந்து இருந்தது ஏழே மாதம். அவனும் பி.இ., அவளும் பி.இ. அவள் முன்பு வேலை பார்த்தவள், அப்போது வேலையில் இல்லை. இடைக்கால ஜீவனாம்சம் மாதம் 12,000. அவன் கேட்டான்: "வக்கீலம்மா, வீட்டு லோனுக்கு 240 தவணைன்னு போட்டிருக்கான். பைக்குக்கு 36. இது எம்புட்டு தவணைன்னு எந்தப் பேப்பர்ல இருக்கு?"

எந்தப் பேப்பரிலும் இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, நிரந்தர ஜீவனாம்சத்தை மொத்தமாகவோ மாதாமாதமோ கொடுக்கச் சொல்லலாம் என்கிறது. காலம்? கேட்பவரின் ஆயுளைத் தாண்டாமல். அவ்வளவுதான். நிலைமை மாறினால் கூட்டவோ குறைக்கவோ அடியோடு எடுக்கவோ கேட்கலாம். மறுமணம் செய்துகொண்டால் நிறுத்தக் கேட்கலாம். 125-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டத்தில் 144-ஆவது பிரிவாகிவிட்டது. எண் மாறியது, அதிலும் கெடு இல்லை. இடையில் ஒரு சங்கதி: 25-ஆவது பிரிவில் கணவனும் மனைவியிடம் கேட்கலாம். என் முப்பது வருடத்தில் அப்படிக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டாமவர் தன் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும் என்று தெரிந்ததும் திரும்பி வரவில்லை.

அந்தப் பையன் விஷயத்தில் நியாயம் அவன் பக்கம் என்றே நினைக்கிறேன். ஏழு மாதம் சேர்ந்து இருந்ததற்காக ஒருவரை ஆயுள் முழுக்கக் கட்டிப்போட முடியாது. உச்ச நீதிமன்றமும் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், 2020 நவம்பர் 4 அன்று, இதைத் தொட்டது. பல திருமணங்கள் போதிய காலம் நீடிக்காத இந்தக் காலத்தில், ஆயுள் முழுவதும் கொடுக்கச் சொல்வது நியாயமாக இராமல் போகலாம், திருமணம் எத்தனை காலம் நீடித்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பொருளில் எழுதியது. சரியான பேச்சு. ஆனால் அது எண் எதையும் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எண் எழுதிய ஊர்கள் உண்டு. கெடு கேட்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 2011-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருடம் வரை நீடித்த திருமணம் என்றால், திருமணம் இருந்த மாதங்களில் பாதிக்கு மேல் ஜீவனாம்சம் கிடையாது. பத்து வரை 60 சதவீதம், பதினைந்து வரை 70, இருபது வரை 80. இருபதைத் தாண்டினால் கெடு இல்லை. நீதிபதி காரணம் எழுதி மீறலாம். புளோரிடா 2023-இல் இன்னும் ஒரு படி போய், நிரந்தர ஜீவனாம்சம் என்பதையே எடுத்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்களுக்கும் அந்தக் காலத்தில் முக்கால் பங்குதான்.

ஒரு நாள் சும்மா இருக்கையில் சித்தியை மாசசூசெட்ஸ் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 1969-இல் கல்யாணம், 1983-இல் விவாகரத்து வழக்கு. பதினான்கு வருடம், அதாவது 168 மாதம். அதில் 70 சதவீதம் என்றால் பத்து வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நான் கறுப்புக் கோட்டு போட்ட அதே 1993-இல் தபால்காரரின் சைக்கிள் வருவது நின்றுபோயிருக்கும். சித்திக்கு அப்போது வயது 43. கையில் எட்டாம் வகுப்புச் சான்றிதழ், எதிரே அப்பளப் பலகை.

'அமெரிக்காவிலேயே அப்படி இருக்கிறதே' என்பவர்கள் அந்தச் சட்டத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். மாசசூசெட்ஸில் விவாகரத்து என்றால் முதலில் வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். யார் பெயரில் பத்திரம் இருக்கிறது என்பது அங்கே முடிவான கேள்வி அல்ல. அதற்கும் மேலே, அமெரிக்காவில் திருமணம் பத்து வருடம் நீடித்திருந்தால், மறுமணம் செய்யாத முன்னாள் மனைவி முதுமையில் முன்னாள் கணவரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கை வைத்து ஓய்வூதியம் கேட்கலாம். அவர் பங்கு அதனால் குறையாது. இத்தனையும் கொடுத்த பிறகுதான் மாதப் பணத்துக்குக் கெடு வைக்கிறார்கள்.

நம் ஊரில்? கோவாவைத் தவிர, இந்த நாட்டில் விவாகரத்தின்போது கணவன் பெயரில் இருக்கும் வீட்டில் மனைவிக்குப் பங்கு என்று சொல்லும் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. குத்துவிளக்கு, பீரோ, கட்டில், அவ்வளவுதான். இருபது வருடம் சமைத்து, மாமியாரின் மருந்து மாத்திரைக்கு நேரம் பார்த்து, சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து அந்த மனை வாங்க உதவியிருப்பாள். பத்திரத்தில் பெயர் இல்லை என்றால் வெளியே வரும்போது ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய சீட்டுதான் கையில். முன்னாள் கணவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியத்திலும் அவளுக்கு இடமில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் சவூதியில் உழைத்துப் பணம் அனுப்பினார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவரது வீட்டு வேலை இல்லாமல் கணவரால் வெளியே போய்ச் சம்பாதித்திருக்க முடியாது என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. நாங்கள் பார் அசோசியேஷனில் அந்தத் தீர்ப்பை நகல் எடுத்துக் கைமாற்றிப் படித்தோம். ஆனால் அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்து வழக்கு. ஒரு நீதிபதியின் நல்ல மனசு சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு ஆகிவிடாது.

ஆகவே என் கட்சி இதுதான். நம் பெண்களுக்கு ஜீவனாம்சம் என்பது மாதாமாதம் சில்லறையாகக் கிடைக்கும் அவர்களது பங்கு. பங்கு கொடுக்காத நாட்டில் அந்தச் சில்லறைக்கும் கெடு வைப்பது கூலி பாக்கி வைத்தவனே கணக்கை மூடுவது மாதிரி. முதலில் பங்கைக் கொடுங்கள். கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். நானே வந்து பேசுகிறேன்.

கெடு நமக்குப் புதிதும் அல்ல. ஷா பானோவை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தூர்க்காரர். 1932-இல் திருமணம், 1975-இல் வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டார். நாற்பத்து மூன்று வருடம். கணவர் வக்கீல், எங்கள் தொழில்தான். கீழ் நீதிமன்றம் கொடுத்தது மாதம் 25 ரூபாய், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. 'இத்தா' காலம் முடிந்துவிட்டது, மகர் என்னும் மணக்கொடையும் கொடுத்தாகிவிட்டது, இனி நான் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்தக் கணவர் அதற்கும் உச்ச நீதிமன்றம் போனார். இத்தா என்பது விவாகரத்துக்குப் பிறகு பெண் காத்திருக்கும் காலம், ஏறக்குறைய மூன்று மாதம். 1985 ஏப்ரல் 23 அன்று அவர் தோற்றார். மறு வருடமே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இத்தாவோடு கணவரின் பொறுப்பு முடிந்தது என்று பலரும் அதைப் படித்தார்கள். நாற்பத்து மூன்று வருட வாழ்க்கைக்கு மூன்று மாதக் கெடு. ஷா பானோவுக்காக வாதாடிய டேனியல் லத்தீஃபியே அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போனார். 2001-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யாமல், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வழி கண்டது. கொடுக்க வேண்டியதை இத்தாவுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கொடுப்பது இத்தாவுக்கு மட்டுமானது அல்ல, அவளது வருங்காலத்துக்குமானது. 2024 ஜூலை 10 அன்று தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-ஆவது பிரிவில் கேட்கலாம் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கெடுவை எழுத நாடாளுமன்றத்துக்கு ஒரு வருடம் போதுமாயிருந்தது. அதன் கடுமையைத் தணிக்க நீதிமன்றங்களுக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.

ஜெர்மனிக்காரர்கள் வேறு விதமாகப் போனார்கள். 2008-இல் அங்கே சட்டத்தைத் திருத்தியபோது வருடத்தை எண்ணாமல் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள்: இந்தத் திருமணத்தால் இவர் பிழைப்பில் என்ன நஷ்டம் ஏற்பட்டது? நஷ்டம் இல்லை என்றால் நீதிபதி காலத்தைச் சுருக்கலாம். கேள்வி நல்ல கேள்வி. அதிலும் சிக்கல் வந்தது. முப்பது வருடம் குடும்பம் நடத்திய வயதான பெண்களிடமும் 'உங்களுக்குத் திருமணத்துக்கு முன்பே பெரிய வேலை ஒன்றும் இல்லையே, அப்புறம் என்ன நஷ்டம்' என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2013-இல் மறுபடி திருத்தி, திருமணம் எத்தனை காலம் நீடித்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று. சொத்தையும் ஓய்வூதியத்தையும் பிரித்துக் கொடுக்கிற நாட்டிலேயே இந்தப் பாடு.

அந்த ஜெர்மன் கேள்வியை என் கட்சிக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். பி.எஸ்ஸி., பி.எட். கல்யாணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. 'அங்க போய்ப் பார்த்துக்கலாம்' என்று வேலையை விட்டார். அங்கே போனபின் குழந்தை, பிறகு மாமனாருக்குப் பக்கவாதம். பதினோரு வருடம் கழித்து முப்பத்தேழு வயதில் மகளோடு மதுரைக்குத் திரும்பியபோது பழைய பள்ளியில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் தலைமையாசிரியர். இவருக்குக் கொடுத்தது தொடக்கநிலைச் சம்பளம், 9,000. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதவில்லை. அவர் வீட்டில் இருந்த வருடங்களில்தான் அந்தத் தேர்வே வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "படித்தவர், சம்பாதிக்கத் திறமை உள்ளவர்" என்றார். சம்பாதிக்க முடிவது வேறு, சம்பாதிப்பது வேறு என்று ஷைலஜா எதிர் கோபண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் கொடுத்தேன். உத்தரவு கிடைத்தது. வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "மேடம், அந்தப் பதினோரு வருஷ இன்கிரிமெண்டை யார்கிட்ட கேட்கிறது?" ஐந்து வருடக் கெடு வைத்திருந்தால் 42 வயதில் அவர் நிற்கிற இடம், வேலையை விடாமல் இருந்திருந்தால் 30-இல் நின்றிருக்கும் இடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நடைமுறையில் கெடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் செட்டில்மெண்ட். பரஸ்பர சம்மத விவாகரத்தில் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை பேசி, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன பையன் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. அவன் அம்மாவின் வளையல் போயிற்று, ஆனால் தவணை முடிந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதுவே நல்லது, இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். இளம் வயது, படிப்பு, குழந்தை இல்லை என்றால் நானே மொத்தத் தொகையைத்தான் சொல்வேன். ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்த யோசனையைச் சொல்ல எனக்குப் பயம். நான் வாங்கிக் கொடுத்த மொத்தத் தொகைகளில் எத்தனை அண்ணன் கடைக்கு முதலானது, எத்தனை தங்கை மகள் கல்யாணத்தில் கரைந்தது என்று எனக்குத் தெரியும். மாதம் 8,000 வந்தால் அண்ணன் வீட்டில் சோறு மரியாதையாக விழும். எட்டு லட்சம் ஒரே நாளில் வந்தால் ஆறு மாதத்துக்கு விழும். உறவை நான் பழிக்கவில்லை. கல்லாவைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

'வாழ்நாள் முழுக்க உறிஞ்சுகிறார்கள்' என்று பேசுகிறவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை என்னோடு கோர்ட் வராண்டாவில் வந்து உட்காரட்டும். அங்கே நிற்கிற பெண்களில் பாதிப்பேர் நிலுவை மனுக்காரர்கள். உத்தரவு கையில் இருக்கும், பணம் வராது. நிலுவையை வசூலிக்க வாரண்டு வேண்டுமென்றால், பணம் வர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த வழி அடைந்தது. மனுப் போட்டால் வாய்தா. வாரண்டு போனால் 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று திரும்பும். ஆள் பக்கத்துத் தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பார். பிடித்தாலும் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் அதிகபட்சம் ஒரு மாதச் சிறை. உள்ளே போய் வந்தவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார், ஏதோ கடன் அடைத்த மாதிரி. சம்பளக்காரர் என்றால் பிடித்தம் செய்ய வைக்கலாம். லாரி வைத்திருப்பவர், வட்டிக்கு விடுபவர், அண்ணன் பெயரில் கடை நடத்துபவர்? ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள். மூன்று மாடி வீட்டுக்காரர் 'தினக்கூலி, மாதம் 9,000' என்று கையெழுத்துப் போட்ட தாள் என் அலமாரியில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான ஜீவனாம்சத்துக்குக் கெடு வைப்பது சட்டம் அல்ல, சலிப்பு. மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ பஸ் காசும் வக்கீல் பீஸும் வருகிற பணத்தைத் தாண்டிவிட, அவர்களே வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் ஏழு மாதத் திருமணக்காரன் என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு நாடாளுமன்றம் எண் எழுத வேண்டியதில்லை. உத்தரவு போடும் நீதிபதி, குறுகிய காலத் திருமணம், குழந்தை இல்லை, இருவரும் வேலை பார்க்கக் கூடியவர்கள் என்றால், 'மூன்று வருடம் கழித்து மறு ஆய்வு' என்று உத்தரவிலேயே தேதி குறிக்கலாம். அதற்குள் அவள் படிக்கட்டும், வேலை தேடட்டும். நீண்ட காலத் திருமணத்தில் தேதி வேண்டாம். மாறாக விலைவாசிக்கு ஏற்றபடி உயர்வைக் குறிக்கட்டும். 2025 மே மாதத்தில் கொல்கத்தா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 என்று நிர்ணயித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட வேண்டும் என்று சேர்த்து எழுதியது. அப்படி ஒரு வரி 1978-இல் இருந்திருந்தால் சித்தியின் தொகை பதினைந்து வருடம் 75 ரூபாயிலேயே நின்றிருக்காது.

கெடுவுக்கும் மறு ஆய்வுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று என் ஜூனியரே கேட்டாள். யார் கோர்ட்டுப் படி ஏறுவது என்பதுதான் வித்தியாசம். கெடு வைத்தால் அந்தத் தேதியில் பணம் தானாக நின்றுவிடும். 'என் நிலைமை இன்னும் மாறவில்லை' என்று அவள் மறுபடி வக்கீலைத் தேடி ஓட வேண்டும். மறு ஆய்வு என்றால் பணம் ஓடிக்கொண்டே இருக்கும். 'அவள் நிலைமை மாறிவிட்டது' என்று காட்ட வேண்டியவர் அவர். இருவரில் வக்கீல் பீஸ் யார் பையில் இருக்கிறது என்று பார்த்துப் பாரத்தை வைப்பதுதானே முறை.

என் மனுவில் சித்திக்கு 300 ரூபாய் உத்தரவானது. 2001-இல் வரம்பு போனதும் ஓடிப்போய்ச் சொன்னேன், மறுபடி மனுப் போடலாம், இப்போது இரண்டாயிரம் கேட்கலாம் என்று. "வேண்டாம்டி. மறுபடி அந்த ஆளை கூண்டுல பார்க்கணும்" என்றாள். அவருக்கு வேலை போய் ஆலையும் மூடிய பிறகும் ஏழெட்டு மாதம் பணம் வந்தது. அப்புறம் வரவில்லை. திண்ணையில் உட்காரும் பழக்கத்தை மட்டும் அவள் கடைசிவரை விடவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஜீவனாம்ச உத்தரவை பீரோவில் வைத்துக்கொண்டு பணம் வராமல் இருக்கும் பெண் யாராவது இருந்தால், கடைசியாகப் பணம் வந்த தேதியைக் கேளுங்கள். ஒரு வருடம் ஆகப்போகிறது என்றால் இந்த வாரமே நிலுவை மனுப் போடச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது உத்தரவு நகலையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.